சப்ளையரும் கஸ்டமர்தானாம்!

"சப்ளையர் எக்ஸ்டெண்ட்ஸ் கஸ்டமர்"னு, அதாவது சப்ளையர் கஸ்டமரோட வாரிசு, அவரோட குணமெல்லாம் இவருக்கும் உண்டுன்னு, சாப்ட்வேர் கோடு எழுதி வெச்சுட்டுப் போன புண்ணியவானே, நீ எங்க இருந்தாலும் உனக்கு விக்கல் நிக்கவே கூடாது.

மாங்கா சீசன். ஏழரை மணிக்கே கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து போன். சந்தூர் பக்கத்து விவசாயி ஒருத்தர், மண்டிக்கு பெங்களூரா காய் போடுறவர். மண்டி அவருக்குத் தரவேண்டியது 62,000 ரூபாய். நேத்து ராத்திரி அவருக்கு, மண்டிக்கு நாங்க கொடுத்த கணக்கு சாப்ட்வேர் அனுப்பின மெசேஜ்: "தங்கள் பாக்கி ரூ.62,000. உடனே செலுத்தவும்." மனுஷன் விடியறதுக்குள்ள மண்டி வாசல்ல நிக்கிறார்.

"ஏன் தம்பி, காயும் நானே போட்டு, காசும் நானே கட்டணுமா?"

என்னத்தச் சொல்றது? ஐயா, எங்க கோடுல நீங்க கஸ்டமருக்குப் பொறந்த வாரிசு, அவரோட கடன் உங்க தலையிலன்னா?

திறந்து பார்த்தேன். ரெண்டு பேருக்கும் பேரும் போன் நம்பரும் இருக்காம், அதனால ஒண்ணு இன்னொண்ணுக்கு வாரிசாம். எங்க தெரு நாய்க்கும் பேர் இருக்கு, அதையும் சேர்த்திருக்கலாம். பாக்கி பூஜ்யத்துக்கு மேல போனா மெசேஜ் போகணும்ங்கிறது கஸ்டமருக்கு எழுதினது. அது அப்படியே சப்ளையருக்கும் சொத்தா வந்துடுச்சு. கிளாஸ்ங்கிறது கோடுல ஒரு வகைக்கு எழுதி வைக்கிற அச்சு. தாய் கிளாஸ் நிக்கிற இடத்துல வாரிசை நிறுத்தினா வேலை கெடக்கூடாதுன்னு கம்ப்யூட்டர் விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987லயே சொல்லிட்டாங்க. 62,000 ரூபாய்க்கு இப்பத்தான் எனக்கு அது உறைக்குது.

இன்னும் கேளுங்க. அதே விவசாயி மண்டிக்காரரோட உரக்கடையில உரம் வாங்குறார், வாடகைக்கு வண்டியும் ஓட்டுறார். ஆள் ஒருத்தர், சாப்ட்வேர்ல மூணு பேர். ஒரு இடத்துல போன் நம்பர் மாத்தினா மத்த ரெண்டும் பழசுலயே கிடக்கும். மண்டி கணக்குப்பிள்ளை நோட்டைப் பாருங்க: ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. காய் போட்டாலும் உரம் வாங்கினாலும் ஆள் மாறல, வேஷம்தான் மாறுது. ஆள்னு ஒரு கிளாஸ், வேஷத்துக்குத் தனி கிளாஸ். இவ்வளவுதான்யா! எந்தக் கடைக்கும் திரும்ப எடுத்துப் போடலாம்.

மேனேஜர்கிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் சீசன் முடியட்டும்ப்பா. இப்போதைக்கு சப்ளையர்2ன்னு ஒரு காப்பி எடுத்து மெசேஜை நிறுத்திடு. ரீயூஸ்தானே?"

ஆமா சார். ரீயூஸ்தான். ஜிஎஸ்டி நம்பர்ல தமிழ்நாட்டுக்கான மாநிலக் கோடு 33ன்னு ஒன்பது இடத்துல கையால அடிச்சதும் ரீயூஸ்தான். பெங்களூர்ல இருந்து 29ல, அதாவது கர்நாடகா கோடுல, ஆரம்பிக்கிற ஜிஎஸ்டி நம்பரோட வர்றவருக்கு, வெளிமாநில வியாபாரத்துக்கான ஐஜிஎஸ்டி போடாம, உள்ளூர் வியாபாரம் மாதிரி பாதிப்பாதியா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போகுது. கிருஷ்ணகிரி 2004லயே தனி மாவட்டம் ஆயிடுச்சு, நம்ம பில்லுல இன்னும் தர்மபுரி மாவட்டம்.

சிரிப்பு வந்துடுச்சு. சரி, ஒரு டீயாவது குடிப்போம்னு கீழ சொல்லி விட்டேன். டீ வந்துச்சு. குடிச்சா காபி வாசம். அந்த டம்ளரையும் கழுவாம ரீயூஸ் பண்ணிருக்கான்.