ஓடிபி அவன் போனுக்கே வரட்டும்

2019-இல் என் தம்பியை மனச்சிதைவு நோய்க்காக முதல்முறை வார்டில் சேர்த்தோம். வாசலிலேயே பெல்ட், பர்ஸ், போன் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் திரும்பி வரும்வரை அந்தக் கவர் என் பீரோவில் கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டிருக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. உள்நோயாளிகள் நியாயமான நேரங்களில் போன் பேசலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், பெறலாம் என்று அதன் 26-ஆவது பிரிவு சொல்கிறது.

மருத்துவமனையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் நாங்களும் அதையேதான் செய்தோம். "நெட் பார்த்தா வியாதி முத்திடும்" என்று பட்டன் போன் வாங்கிக் கொடுத்தோம். வங்கி, ஆதார், யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் என் நம்பர். முப்பத்து நான்கு வயது ஆள், தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க "அக்கா, நம்பர் வந்துச்சா?" என்று என்னைக் கூப்பிட வேண்டும். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பேன். பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதி.

மாத்திரையால் அவனுக்கு விரல் நடுங்கும். தொடுதிரையில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டோம். கீபோர்டில் இரண்டு விரலால் நிதானமாகத் தட்டுவான். அவன் முதலில் தேடியது தன் மாத்திரையின் பெயரை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, "இந்த நடுக்கம் மாத்திரையாலதானே சார்?" என்று அவனே கேட்டான். அதுவரை என்னிடமே பேசிவந்த டாக்டர், நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

பயம் இல்லாமல் இல்லை. போன் வழியாக யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று அவன் தூங்காத இரவுகள் உண்டு. கடன் ஆப்காரர்கள் வலை விரிப்பதும் தெரியும். அதற்குப் பொறுமையாகச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், போனைப் பிடுங்கி வைப்பது தீர்வல்ல. மனசு கலங்கும் நாட்களில் அவனே அதை அணைத்து என்னிடம் தருகிறான்.

இணைய வசதி வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போட்ட வழக்கு அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் இருக்கிறது. ஆனால் இணைய வசதி பற்றிப் பேச்சு வரும்போது மனநோய் உள்ளவர்கள் யார் நினைவுக்கும் வருவதில்லை. மறுவாழ்வு மையங்களில் பேப்பர் கவர் ஒட்டச் சொல்லித் தருகிறார்கள், சரி. அந்த மேசைக்குப் பக்கத்தில் நெட்டோடு இரண்டு கம்ப்யூட்டர் போடுங்கள். ஓடிபிக்கு இன்னும் சில நிமிடம் கூட்டிக் கொடுங்கள். வார்டில் போன் பேசும் நேரத்தைப் பலகையில் எழுதி வையுங்கள்.

வங்கியிலும் ஆதாரிலும் போன மாதம் அவன் நம்பரையே பதிந்துவிட்டோம். யூடிஐடி கார்டில் மட்டும் இன்னும் என் நம்பர் இருக்கிறது. அதை மாற்ற அடுத்த வாரம் போகிறோம்.