35 இன்ச் டயருக்கு 4-லோ போதாது
"ஜீப்பில் 35 இன்ச் டயர் போட்டால் ஆக்சில் கியர் மாற்றவே வேண்டாம், 4-லோ இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 4-லோ என்பது நாலு சக்கரத்தையும் தாழ்ந்த கியரில் ஓட்டும் நிலை, மண்ணிலும் பாறையிலும் மெதுவாக ஏறத்தான். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் முன், பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும், அதனால் ஹைவேயில் ஓடப்போவது 2-ஹையில்தான் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண நிலை), அங்கே 4-லோவால் ஒரு உதவியும் இல்லை.

சரி, கணக்கைப் பாருங்கள். ஜீப்பின் ரேங்லர் ஜேகே ரூபிகான் மாடலில் கம்பெனி டயர் சுமார் 32 இன்ச், ஆக்சில் கியர் ரேஷியோ பல வண்டிகளில் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஆக்சிலுக்கு வரும் தண்டு 4.10 சுற்று சுற்ற வேண்டும். டயரை 35 ஆக்கினால் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால் அந்த 4.10, 3.75 போல நடந்துகொள்ளும். மேட்டில் வண்டி திணறும், ஆட்டோ கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறிச் சூடேறும். ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் அது 100 காட்டும்போது நிஜத்தில் 109. பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.10-ஐ 35-ஆல் பெருக்கி 32-ஆல் வகுங்கள், 4.48 வரும், கடையில் கிடைப்பதில் அதற்குப் பக்கம் 4.56.

"அப்படியானால் இன்னும் பெரிய எண்ணாகப் போடலாமே" என்பார்கள். வேண்டாம். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய ரிங் கியரில் 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல் இருந்தால் 4.10, பினியன் 9 பல்லானால் 4.56. எண் ஏற ஏறப் பினியன் சிறுத்து பலம் குறையும்.

அப்புறம், காசை மிச்சப்படுத்துகிறேன் என்று பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிடாதீர்கள்! முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இல்லாமல் 4-வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) உடையலாம்.