பொன்னாடை போதாது: திருப்பண்ட அறை அம்மாக்களுக்காக

நம் கத்தோலிக்கப் பங்குத் திருவிழாவின் கடைசி நாளில், முப்பது நாற்பது ஆண்டுகள் கோவில் வேலை பார்த்த ஒரு அம்மாவைப் பீடத்துக்கு முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் விடியுமுன், வழிபாட்டுத் துணிகளும் பாத்திரங்களும் இருக்கும் திருப்பண்ட அறைக் கதவைத் திறப்பதும் அதே அம்மாதான். நாளைக்கு அவர் படுத்துவிட்டால் இந்த வேலையெல்லாம் யாருக்குத் தெரியும்? பெரும்பாலான பங்குப் பேரவைகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அவர் செய்வதை 'சின்னச் சின்ன உதவி' என்று நினைப்பதால்தான் எழுவதில்லை. அது உண்மையில் ஒரு தொழில்நுட்பம்.

துணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பீடத்தில் அப்பமும் கிண்ணமும் வைக்க விரிக்கும் திருமேனித் துகிலை மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக, எப்போதும் உட்பக்கமாகவே மடிக்க வேண்டும். விரித்தால் ஒன்பது கட்டம் தெரியும். அப்பத் துகள் இருந்தால் உள்ளேயே தங்கட்டும் என்பதற்கான மடிப்பு அது. உதறினால் அதற்கு அர்த்தமே இல்லை. துவைக்கும்போது முதலில் தனிப் பாத்திரத்தில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சோப்பு. திருமேனித் துகிலுக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும்; கிண்ணம் துடைக்கும் துணிக்குக் கஞ்சி போட்டால் ஈரத்தை உறிஞ்சாது. இரண்டையும் ஒரே வாளியில் முக்கிவிடுவது புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. திராட்சை இரசக் கறைக்கு உடனே பச்சைத்தண்ணீர்; வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். மெழுகு சிந்தினால் இறுகும்வரை பொறுத்துச் சுரண்டி, மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மீதி மெழுகைக் காகிதம் இழுத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் அப்பம் நமத்துப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா வேண்டும். பழையதைத் தீர்த்த பிறகே புதியதைப் பிரிக்க வேண்டும். திறந்த இரசப் புட்டி நாள்பட்டால் புளிக்கும். புளித்துக் காடியாகிவிட்ட இரசத்தைத் திருப்பலிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே சிறிய புட்டியாக வாங்குவதே சரி. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் பீடத்தில் பூ இல்லை. ஆனால் நான்காம் ஞாயிறும், மார்ச் 19 புனித யோசேப்பு பெருவிழாவும், மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழாவும் விலக்கு. இதை நாள்காட்டியைப் பார்க்காமலே சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் தனிக் கதை. போன ஆண்டுக் குருத்தோலைகளை நன்றாக உலர்த்தி எரித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சாம்பலில் தண்ணீரைக் கொட்டிக் குழைத்தால் காரம் ஏறி நெற்றி எரியும். சில நேரம் தோல் வெந்தே போகும். உலர்ந்தபடியே பயன்படுத்தலாம், அல்லது சில சொட்டு எண்ணெய் போதும். இது எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை, அந்த அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது.

நோயாளிகளுக்கு நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பம், கொண்டுபோவதும் அப்படித்தான். 1973இலிருந்து குருக்கள் அல்லாத பொதுநிலையினரும், பெண்கள் உட்பட, உரிய அனுமதியோடு நற்கருணை வழங்கலாம். கோவிலிலிருந்து நேராக நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் கடைக்கோ பேச்சுக்கோ நிற்கக் கூடாது. வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசை, சிலுவை, மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சின்னத் துண்டு போதும், கூடவே ஒரு கரண்டி தண்ணீர். நற்கருணை வாங்குமுன் இருக்கும் ஒரு மணி நேர நோன்பு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயமில்லை. அது தெரியாமல் சர்க்கரை நோயாளியைப் பட்டினி போடும் குடும்பங்கள் உண்டு; அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் இவர் வேலைதான்.

இவ்வளவு செய்பவருக்குத் திருச்சபையில் பெயருள்ள இடம் கிடைக்க வெகுகாலம் ஆனது. 1972இல் திருப்பலியில் மறைநூல் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடப்பணியாளர் பணிகளைத் திருத்தந்தை ஆறாம் பவுல் பொதுநிலையினருக்குத் திறந்தபோதும், ஆண்களுக்கு மட்டுமே என்று நிறுத்திவிட்டார். 2021 ஜனவரியில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றி அவற்றைப் பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி கற்றுத்தரும் வேதியர் பணியையும் முறையான திருப்பணியாக நிறுவினார். சட்டம் மாறிவிட்டது. நம் பங்குகளில் எத்தனை பெண்களை இந்தப் பணிகளில் முறைப்படி ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஒருவரே எல்லாம் செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாவி பல ஆண்டுகள் ஒரே கையில் இருந்தால் புதியவர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். அந்த அம்மாவும் ஓய்வெடுக்க முடியாமல் தேய்ந்துபோவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாட்டில்தான் குறை. 1921இல் டப்ளினில் பெரும்பாலும் பெண்களோடு தொடங்கிய மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் இயக்கத்தைப் பாருங்கள். அங்கே சந்திப்புப் பணிக்கு இருவர் இருவராகத்தான் போவார்கள், வாராந்தரக் கூட்டத்தில் அறிக்கை தருவார்கள். ஒருவர் வராவிட்டாலும் வேலை நிற்காததற்கு இந்த ஒழுங்குதான் காரணம்.

திருப்பண்ட அறைக்கும் அதையே செய்யலாம். அந்த அம்மா சொல்லச் சொல்ல ஓர் இளையவர் நோட்டில் எழுதட்டும்: எந்த அலமாரியில் எந்த நிறத் திருவுடை, எந்த விழாவுக்கு எத்தனை அப்பம். ஓர் ஆண்டு முழுக்க இருவரும் சேர்ந்து வேலை செய்தால்தான் திருவழிபாட்டு ஆண்டு தொடங்கும் திருவருகைக் காலம் முதல் அது முடியும் கிறிஸ்து அரசர் பெருவிழா வரை ஒரு சுற்று முடியும். ஒரு வாரப் பயிற்சி எதற்கும் ஆகாது. இரண்டாவது சாவி அந்த இளையவரிடம் இருக்கட்டும். பங்குப் பேரவையில் அந்த அம்மாவுக்கு உறுப்பினர் இடம் கொடுங்கள், விருந்தினர் நாற்காலி வேண்டாம். சோப்பு, நீலம், மெழுகுதிரி, பூ என்று அவர் கைக்காசில் வாங்கி வருவதையெல்லாம் மாதாமாதம் பங்குக் கணக்கில் எழுதி, அந்தப் பணத்தை அவர் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள்.