சத்தம் போடாமல் கொண்டாடிய ஒரு ராத்திரி

நீலகிரியில் எங்கள் பந்தலூர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "மேட்ச் ஜெயிச்சா நடுராத்திரியில பட்டாசு வெடிக்கிறதும் பைக்ல கத்திக்கிட்டுப் போறதும் வேலைவெட்டி இல்லாத பசங்க பண்ற வேலை." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. குழுவில் சண்டை போட விருப்பமில்லை. சொல்ல வேண்டியதும் கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கத்துகிற கட்சி. 2023 ஐபிஎல் ஃபைனல் மழையால் தள்ளிப்போய், மே 29 ராத்திரி தொடங்கி நடுநிசி தாண்டி ஒன்றரை மணி வரை இழுத்தது. கடைசி இரண்டு பந்தில் சென்னைக்கு 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். பஜாரில் ஒரு கடையில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்றவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். அவர் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாரம் முழுக்கக் கொழுந்து பறித்து, மூட்டை தூக்கி, ஜீப் ஓட்டி, கடன் தவணை கட்டி வாழ்கிறவனுக்கு, தொண்டை கிழியக் கத்த வருஷத்தில் இரண்டு ராத்திரி கிடைப்பதே பெரிய விஷயம். அதை யாரும் கேவலமாகப் பேச நான் விடமாட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா.

அப்பா இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 'தாயகம் திரும்பியவர்'. 1975இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து மறுபடியும் தேயிலைக்குள் நுழைந்தவர். அங்கே இருந்தவரை அவருக்குப் பெயர் கள்ளத்தோணி, அதாவது திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவன். இங்கே வந்ததும் சிலோன்காரன். அவர் பெரிய கிரிக்கெட் பைத்தியம் எல்லாம் கிடையாது. ஆனால் முத்தையா முரளிதரன் என்று ஒரு கண்டிப் பையன் இலங்கை டீமில் ஆடுகிறான், நம்ம மலையகத்து ஆள் என்று தெரிந்த நாளிலிருந்து ரேடியோவை விட்டு நகரமாட்டார். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் பந்தை வீசாமல் எறிகிறார் என்று அம்பயர் டேரல் ஹேர் முரளிக்கு ஏழு நோ-பால் கொடுத்தபோது, தன் பிள்ளையை யாரோ நடு வீதியில் நிறுத்தி அடித்தது போல இரண்டு நாள் அப்பா யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

1996 மார்ச் 13. கல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும். எனக்குப் பதினோரு வயசு. தோட்டத்துக் கிளார்க் வீட்டு டிவி முன்னால் நாங்கள் இருபது இருபத்தைந்து பேர். சச்சின் ஆடும் வரை எல்லாம் சரியாகப் போனது. 98க்கு ஒரு விக்கெட். சச்சின் ஸ்டம்பிங் ஆனார், அப்புறம் மளமளவென்று சரிந்தது. 120க்கு எட்டு. ஈடன் கார்டனில் பாட்டில் பறந்தது, இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாய்ட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்தார். நானும் அழுதேன். எனக்குச் சச்சின்தான் எல்லாம்.

எல்லாரும் எழுந்து போகும்போது அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நல்லாத்தான் ஆடினாங்க."

"யாரு?" என்று ஒருத்தன் கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி எங்கள் லைன் வீட்டுக் கூரையில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று அது, கல் விழுந்தது. தகரக் கூரையில் கல் விழும் சத்தம் நம் மண்டைக்குள்ளேயே விழுகிற மாதிரி இருக்கும். விழுந்த கல் சரிவில் கடகடவென்று உருண்டு வந்து, தகரத்தின் விளிம்பில் ஒரு நொடி நின்று, அப்புறம் வாசலில் பொத்தென்று விழும். அந்த ஒரு நொடியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. "சிலோனுக்கே ஓடுங்கடா" என்று ஒரு குரல். அது யார் குரல் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அம்மா ஓடிப்போய் விளக்கை அணைத்தாள். அப்பா எங்களைச் சுவர் ஓரமாக இழுத்து உட்கார வைத்து, ஒன்றும் பேசாமல் இருந்தார்.

விடிந்ததும் வேலைக்குப் போகும் முன் அப்பா அந்தக் கற்களைப் பொறுக்கினார். பதினொன்று. நான் எண்ணினேன். தண்ணீர்க் குழாய் அடியில் எப்போதும் சேறாக இருக்கும், குடம் நிற்காது. அங்கே அந்தக் கற்களைப் பதித்து மிதித்துச் சமமாக்கினார். அடுத்த வீட்டு அக்கா குடம் வைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு அண்ணே" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது.

நாலு நாள் கழித்து, 17ஆம் தேதி, லாகூரில் ஃபைனல். அப்பா யார் வீட்டுக்கும் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ரேடியோ சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக் கேட்டார். அரவிந்த டி சில்வா 107. ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டில் தோற்றது. எங்கள் வீட்டில் எப்போதும் சாயத்தண்ணிதான், பால் கிடையாது. அப்பா அம்மாவை எழுப்பி, தம்பிக்காக எடுத்து வைத்திருந்த பாலை ஊற்றி டீ போடச் சொன்னார். சீனி தூக்கலாக. நாலு டம்ளர். ஜன்னலைச் சாத்திவிட்டுக் குடித்தோம். என் தோளை ஒரு தடவை அழுத்திப் பிடித்தார். உலகக் கோப்பையை அவர் கொண்டாடியது அவ்வளவுதான்.

அப்பாவைத் தேசத் துரோகி என்று யாராவது கமெண்டில் எழுதுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1983இல் கபில் தேவ் கோப்பையைத் தூக்கியபோது அந்த மனிதர் தோட்டத்தில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர். ஒரு மனுஷனுக்கு இரண்டு மண் மேல் பாசம் இருக்க முடியும். அவருக்கு அப்படி அமைந்தது, அவர் கேட்டு வாங்கியதில்லை.

அப்பா சாகும் வரை திரும்பத் திரும்பச் சொன்ன மேட்ச் வேறு. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட் ஆனார். மிச்சமிருந்த விக்கெட்டுகள் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. நெஞ்சு வெடிக்கிற தோல்வி அது. ஆனால் பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுற்றி வந்தபோது மெட்ராஸ் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். "எந்திரிச்சு நின்னாங்க தம்பி, அம்புட்டு பேரும் எந்திரிச்சு நின்னாங்க" என்பார். அவர் சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஸ்டாண்டில் தானும் நின்றது போலத்தான் சொல்வார்.

2011 ஏப்ரல் 2. மறுபடியும் இந்தியா, இலங்கை, இந்தத் தடவை ஃபைனல். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தேன், மேட்ச் பார்க்கவே ஊருக்கு வந்தேன். "யாரு ஜெயிக்கணும்பா?" என்று கேட்டேன். "இந்தியாதான் ஜெயிக்கணும். ஆனா முரளி ஒரு விக்கெட்டாவது எடுத்துரணும்" என்றார். முரளிக்கு அது கடைசி சர்வதேச ஆட்டம். விக்கெட் கிடைக்கவில்லை. தோனி சிக்ஸ் அடித்ததும் ஊரே வெளியே வந்தது. தப்பு அடித்துக்கொண்டு பையன்கள் எங்கள் லைன் வழியாகப் போனார்கள். நானும் அவர்களோடு ஆடிவிட்டு ஒரு மணிக்குத் திரும்பி வந்தால், வீட்டில் விளக்கு இல்லை. அப்பா இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஒரு சின்னக் கல்கூட விழவில்லை. இந்தியா ஜெயித்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் தப்புச் சத்தம் வாசலைத் தாண்டும் வரை விளக்கை அணைத்து வைத்திருக்கிறார். கல் விழுந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

கலாய்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கலாய்க்காத ரசிகன் என்ன ரசிகன்? எங்கள் பக்கம் கேரளா ஒட்டிய ஊர்கள், ஃபுட்பால் உலகக் கோப்பை வந்தால் கிரிக்கெட்டை மறந்துவிடுவோம். 2022இல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா ஃபிளெக்ஸ், இந்தப் பக்கம் பிரேசில் ஃபிளெக்ஸ். முதல் மேட்சிலேயே அர்ஜென்டினா சவூதியிடம் 2-1இல் தோற்றது. மறுநாள் காலை டீக்கடை முன்னால் மெஸ்ஸி படத்துக்கு மாலை போட்டு 'கண்ணீர் அஞ்சலி' வைத்தார்கள் பிரேசில் பையன்கள். டிசம்பர் 9 அன்று குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் வெளியே போனதும், அதே இடத்தில், அதே மாலையை நெய்மருக்குப் போட்டார்கள். இரண்டு கோஷ்டியும் அதே கடையில்தான் டீ குடித்தது. 18ஆம் தேதி ஃபைனலில் எம்பாப்பே மூன்று கோல் அடித்தும் அர்ஜென்டினா பெனால்டியில் ஜெயித்தபோது, பிரேசில் ஜெர்சி போட்டவனே மெஸ்ஸிக்காக அழுததை நான் பார்த்தேன். 36 வருஷக் காத்திருப்பு என்றால் எதிரிக்கும் கண் கலங்கும். இப்படிப்பட்ட பகை ஊருக்கு அழகு. பகலில், முகத்துக்கு நேராக, திருப்பிக் கலாய்க்கத் தெம்பு இருக்கிறவனிடம் செய்கிற கேலி அது. ராத்திரியில் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு நாற்பது பேர் போய் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் கோலியா ரோகித்தா என்ற போதைத் தகராறில் நண்பனை நண்பனே அடித்துக் கொன்றான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெங்களூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். 2025 ஜூன் 3 அன்று ஆர்சிபி பதினெட்டாவது சீசனில் முதல் கோப்பையை வாங்கியது. அடுத்த நாளே கொண்டாட்டம். சின்னசாமி ஸ்டேடியத்தில் முப்பத்தைந்தாயிரம் பேருக்குக் கிட்டத்தான் இடம். வந்தது லட்சக்கணக்கில். கேட்டுகளுக்கு வெளியே நெரிசலில் 11 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் இளவயசுப் பிள்ளைகள். அன்றைக்கும் இதே வாட்ஸ்அப் குழுவில், "அங்க எதுக்குப் போனாங்க?" என்று கேட்டார்கள். பதினேழு சீசன் கோப்பை இல்லாமலே இருந்த டீமை விடாமல் நேசித்த பிள்ளைகள், கூப்பிட்டார்கள், போனார்கள். சந்தோஷப்படப் போனவனைப் பார்த்து ஏன் போனாய் என்று கேட்பது என்ன நியாயம்? ஒரே நாளில் அவ்வளவு கூட்டத்தை வரவழைத்துவிட்டு, உள்ளே விடுவதற்கும் வெளியே அனுப்புவதற்கும் வழி செய்யாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் பையன்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பஜாரில் எவ்வளவு வேண்டுமானாலும் வெடியுங்கள். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் இந்தியா டி20 உலகக் கோப்பையை ஜெயித்தபோது கொட்டுகிற மழையில் பிளாஸ்டிக் பைக்குள் சரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வெடித்தீர்களே, எனக்கு அவ்வளவு பிடித்தது. ஆனால் முடிந்ததும் மூன்று பேர் இரண்டு பேராகத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நடந்து போகாதீர்கள். சேரம்பாடி, தேவாலா பக்கம் யானை எங்கே நிற்கிறது என்று பகலிலேயே தெரியாது. வெடிச் சத்தத்தில் மிரண்ட யானை அதே பாதையில்தான் இறங்கும். ஜீப் வைத்துக்கொள்ளுங்கள். பணம் குறைந்தால் என்னிடம் கேளுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

அப்புறம் இன்னொரு ராத்திரி. 2025 நவம்பர் 2. நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையை வாங்கினார்கள். ஷஃபாலி 87, தீப்தி ஐந்து விக்கெட். மேட்ச் முடியும்போது நடுநிசி. என் மகள் எட்டாவது படிக்கிறாள், ஸ்கூல் டீமில் ஆஃப் ஸ்பின் போடுகிறாள். ஹர்மன்பிரீத் அந்தக் கடைசி கேட்சைப் பிடித்ததும் இவள் வீடு அதிரக் கத்தினாள். பிறகு வாசலுக்கு ஓடிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பஜார் பக்கம் ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. "ஏம்பா யாருமே வெடிக்கல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அவள் உள்ளே போய் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து, பனியில் வாசலில் நின்று அடிக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து என் அம்மா, எழுபது தாண்டியவள், பதறிக்கொண்டு வந்தாள். "உள்ள வாடி, லைட்ட அணை, யாராவது ஏதாவது சொல்லப் போறாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மகள் கையை உதறிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தாள். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அந்த ஒரு தட்டுச் சத்தம் மட்டும் தேயிலைச் சரிவில் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்புறம் எதிர்ப்பக்க லைனில் ஒரு விளக்கு எரிந்தது. அங்கேயும் யாரோ ஒரு பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.