வீட்டை யார் திறந்து வைப்பது என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் செட்டிநாட்டு வீட்டில் முன்னோருக்குப் படைப்பு முடிந்து இலை எடுத்த கையோடு முகப்பில் நடந்த பேச்சு இங்கே பலருக்கும் தெரிந்துவிட்டது. குடும்பக் குழுவில் யாரோ ஒலிப்பதிவையே போட்டுவிட்டார்கள். அதனால் யார் என்ன சொன்னார்கள் என்று மறுபடி எழுதப்போவதில்லை. தாய்லாந்தில் ஒரு சின்ன வீடு வாங்கி அங்கே போய் இருக்கப்போகிறேன் என்று நான் சொன்னதுதான் பேச்சுக்குக் காரணம். எனக்கு 61 வயது. இனிமேல் நான் எங்கே இருப்பது என்பது என் முடிவு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

"ஆச்சிக்கு எதற்குத் தாய்லாந்து?" என்று ஒருவர் கேட்டதும் எழுந்த சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? பாயசக் கரண்டி அப்போது என் கையில்தான் இருந்தது. காலை நான்கு மணிக்கு எழுந்து உங்கள் எல்லோருக்கும் சமைத்த கை அது.

போன ஆண்டு என் தங்கையோடு ஹுவா ஹின்னில் 40 நாள் வாடகைக்கு இருந்துவிட்டு வந்தேன். பாங்காக்கிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டர் போல, ரயிலிலேயே போய்விடலாம். கடற்கரை ஊர். சந்தையில் வாழைப்பூவும் புளியும் தேங்காயும் கிடைக்கின்றன. அடுப்படியில் எனக்கு எதுவும் அந்நியமாக இல்லை. விடியற்காலையில் கடற்கரையில் நடக்கப் போவேன். எதிரே வந்தவர்கள் ஒருவரும் என் நெற்றியைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. நம் ஊரில் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் நான் உள்ளே போகும்வரை வாசலில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வெளிநாட்டவர் பெயரில் அங்கே நிலம் வாங்க முடியாது என்று ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார். தெரியும். நான் நிலம் வாங்கவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சின்ன வீடு. ஒரு கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் சொந்தப் பெயரில் வைத்துக்கொள்ளலாம். பணம் வெளிநாட்டுச் செலாவணியாக வங்கி வழியாக வந்ததற்குச் சான்று இருக்க வேண்டும். ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது ஆகியிருந்தால் போதும். ஆண்டுதோறும் நீட்டிக்க, அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இங்கே ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப விடுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சொத்தையும் அந்தக் கணக்கில் காட்டிவிட வேண்டும். ஆடிட்டரிடம் மூன்று முறை உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். என் கணவரின் பேரேட்டை 30 ஆண்டு எழுதியவள் நான். ஒருவராவது "அண்ணமிண்டி (அண்ணி), கணக்குப் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்காமலே நான் ஏமாந்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டீர்கள்.

பர்மாவில் இழந்தது போதாதா என்று கேட்டீர்கள். அதை என்னிடமா கேட்பது? என் ஐயா (தாத்தா) பர்மாவின் மோல்மீன் நகர வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முகவருக்கு அடுத்த நிலை ஊழியராக, இருந்தவர். 1942இல் மணிப்பூர் வழியாக நடந்து வந்தார். ஊர் வந்து சேர்ந்தவரின் காலை வெந்நீரில் வைத்துக் கழுவியபோது தோல் கையோடு வந்தது என்று என் ஆயா (பாட்டி) சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அங்கே நம் சொத்து போனது எதனால்? கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. நிலம் பிடிக்கப் போனவர்கள் இல்லை. கடனுக்கு ஈடாக அது கைக்கு வந்து சேர்ந்தது. 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. நான் யாருக்கும் வட்டிக்குக் கொடுக்கப் போகவில்லை. ஒரு படுக்கையறை, ஓர் அடுப்படி. அதுவும் நாளை ஒரு சட்டத்தால் போகலாம் என்கிறீர்கள். போனால் போகட்டும், கையில் ஒரு பெட்டியோடு திரும்பி வருவேன்.

நம் ஆண்கள் மூன்று வருடத் தவணை வேலைக்குப் போய்ப் போய் வந்தார்கள். பெண்கள் இந்த வீடுகளைக் காத்தார்கள். சாய்ந்துகொண்டு என்னைக் கேலி பேசினீர்களே, அந்தத் தூண் பர்மாத் தேக்கு. கப்பலேறிப் போனவர்களின் பணத்தில் எழுந்த வளவில், இந்த உள்முற்றத்தில், உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து போகிறவளைப் பார்த்து ஊரை விட்டு ஓடுகிறாள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் டல்லாஸிலும் வீடு வாங்கியபோது ஊருக்கே பலகாரம் கொடுத்தீர்கள். என் பிள்ளைகள் போனபோது நானும் கொடுத்தேன்.

உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மருத்துவக் காப்பீடு எடுக்கிறேன், தங்கை அடிக்கடி வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் இங்கே யார் பார்த்தீர்கள்? என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த இரவு, மதுரை போய்ச் சேரும்வரை ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். திருமயத்திலும் தேவகோட்டையிலும் இருந்த பங்காளிகள் மறுநாள் பூமாலையோடு வந்தீர்கள்.

கடைசியில் ஒரு தம்பி கேட்டாரே, "நீங்கள் போய்விட்டால் வீட்டை யார் திறந்து வைப்பது?" என்று. பேச்சு முழுக்க இதுதான் அடியில் கிடந்தது. 14 பங்கு இருக்கும் வீட்டில் எங்களுக்கு ஒரு பங்கு. மழை பெய்தால் வளவில் தண்ணீர் தள்ளுவது நான். ஓடு நழுவினால் ஆள் தேடுவது நான். வௌவால் எச்சத்தைத் தினமும் கூட்டுவது நான். வருடத்துக்கு இரண்டு முறை வந்து ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று படம் எடுத்துக்கொள்வது நீங்கள். என்னைப் பற்றிய கவலை என்று நினைத்துக் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போயிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

தை பிறந்ததும் கிளம்புகிறேன். சாவிகள் ஒவ்வொன்றிலும் எந்த அறை என்று சீட்டு எழுதிக் கட்டி, கொத்தைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்து வைக்கிறேன். இரண்டாங்கட்டு அறைக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நாதாங்கி உடைந்துவிடும். மழைக்கு முன்னால் தூம்புவாயில் அடைத்திருக்கும் இலையை எடுத்துவிடுங்கள்.