டிபிபி வேலையை விட்டுட்டு கேமரா முன்னாடி உக்கார்றது தப்பா?

எங்க குடும்ப வாட்சாப் குரூப்ல போன வாரம் பூரா ஒரே ரகளை. அண்ணன் மக, இங்க சிங்கப்பூர்ல ஏஜிசில (அரசாங்கத் தலைமைச் சட்ட அதிகாரி ஆபீஸ்) டிபிபியா, அதாவது குற்ற வழக்குல அரசுத் தரப்புக்கு வாதாடுற லாயரா இருந்தவ, வேலையை விட்டுட்டு சட்டத்தைப் பத்தி ஒரு நிகழ்ச்சி நடத்தப் போறேன்னு சொல்லிட்டா. சித்தி உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க, "கவர்மெண்ட் வேலையை யாராச்சும் விடுவாங்களா, இதுக்கா லா படிக்க வச்சோம், பவுடர் போட்டுக்கிட்டு டிவில பேசுறதுக்கா"ன்னு. மாமா அதுக்குக் கீழயே, "அமெரிக்காவுல இதுலதான் காசு"ன்னு ஒரு வரி. ரெண்டு பேருக்கும் குரூப்ல பதில் போட்டா தீபாவளி வரைக்கும் இழுக்கும், அதான் இங்க எழுதுறேன். சித்தி ஃபேஸ்புக்ல இல்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் லாயர் இல்ல. லா ஃபர்ம்ல கிளார்க். ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஸ்டேட் கோர்ட்ஸுக்கு அலையுற ஆளு. அதனால நான் சொல்றது பின்பெஞ்சுல உக்காந்து பாத்தது.

மாமா சொன்னதுல உண்மை இருக்கு. அமெரிக்காவுல அரசுத் தரப்புல வாதாடினவங்க டிவிக்குப் போறது ஒரு தனி ரூட்டு மாதிரியே ஆயிடுச்சு. 1991ல கோர்ட் டிவின்னு ஒரு சேனல் வந்துச்சு, நிஜ வழக்கை கேமரா வச்சு அப்படியே காட்டுறது. அப்புறம் அமெரிக்க ஃபுட்பால் ஸ்டார் ஓ.ஜே. சிம்சன் மேல போட்ட கொலைக் கேஸ், 1995 அக்டோபர்ல தீர்ப்பு, நாடே வேலையை விட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்துச்சு. அந்தக் கேஸ்ல அரசுத் தரப்புக்கு நின்ன மார்சியா கிளார்க் தோத்துப் போனாங்க, ஆனா பிறகு டிவிக்கு வந்து சட்ட விளக்கம் சொன்னாங்க, துப்பறியும் நாவலும் எழுதினாங்க. ப்ரூக்ளின்ல டிபிபி மாதிரி வேலை பாத்த ஸ்டார் ஜோன்ஸ் பகல் நேர டாக் ஷோவுல உக்காந்தாங்க. ஜெனின் பிரோ கதை இன்னும் வேடிக்கை. வெஸ்ட்செஸ்டர்ல எலக்சன்ல நின்னு ஜெயிச்சு தலைமை வழக்கறிஞரா இருந்தாங்க (அங்க நிறைய இடத்துல அது ஓட்டுப் போட்டு வர்ற பதவி, நம்ம ஊரு மாதிரி இல்ல), அப்புறம் ஃபாக்ஸ் நியூஸ்ல வருஷக்கணக்கா நிகழ்ச்சி, 2025ல திரும்ப வாஷிங்டனோட ஃபெடரல் வழக்கறிஞராவே ஆயிட்டாங்க. போன வழியிலேயே திரும்பி வந்துட்டாங்க!

ஆனா எல்லாருக்கும் பெரிய அக்கா நான்சி கிரேஸ்தான். அவங்க கதையைப் படிச்சா பாவமாவும் இருக்கும், கோவமாவும் வரும். இலக்கியம் படிச்சு வாத்தியார் வேலைக்குப் போகணும்னு இருந்த பொண்ணு, 1979ல கட்டிக்கப் போறவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுக்கப்புறம்தான் லா படிச்சு அட்லாண்டாவுல அரசுத் தரப்பு லாயரானாங்க. அந்த வலி நிஜம், அதை நான் கேள்வி கேக்க மாட்டேன். அங்கேர்ந்து கோர்ட் டிவி, 2005லேர்ந்து 2016 வரைக்கும் சொந்தப் பேர்லயே ராத்திரி நிகழ்ச்சி.

அவங்க கோர்ட்டுல இருந்தப்போ ஒரு கொலைக் கேஸ்ல வாங்கிக் கொடுத்த தண்டனையை 1997ல ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, அவங்க நடந்துக்கிட்ட விதம் மன்னிக்க முடியாததுன்னு தீர்ப்புலயே எழுதிட்டாங்க. அதாவது கோர்ட்டுக்குள்ள இருந்த வரைக்கும், எல்லை தாண்டினா தலையில குட்டுறதுக்கு மேல ஒருத்தர் இருந்தாரு. டிவில யாரு இருக்கா? 2006ல குழந்தையைக் காணோம்னு தவிச்சுக்கிட்டிருந்த ஒரு இளம் தாயை நிகழ்ச்சியில குறுக்கு விசாரணை மாதிரி கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. நீ எங்க இருந்த, ஏன் சொல்ல மாட்டேங்கிறன்னு. அந்தப் பொண்ணு மறுநாள், அது ஒளிபரப்பாகுறதுக்கு முன்னாடியே உயிரை விட்டுடுச்சு. அப்படியும் ஒளிபரப்பினாங்க. குடும்பம் கேஸ் போட்டு 2010ல சமரசமா முடிஞ்சுது. 2011ல, தன் குழந்தையைக் கொன்னதா குற்றம் சாட்டப்பட்ட கேசி ஆண்டனியோட வழக்குல, ஜூரி (சாட்சி கேட்டு முடிவு சொல்ல உக்கார வைக்குற சாதாரண ஜனங்க) கொலைக் குற்றச்சாட்டுலேர்ந்து அந்தப் பொண்ணை விடுவிச்சப்போ, இன்னைக்கு ராத்திரி சாத்தான் ஆடுதுன்னு டிவில சொன்னாங்க. பன்னெண்டு பேரு வாரக்கணக்குல உக்காந்து சாட்சி கேட்டு எடுத்த முடிவு அது. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லலாம், சாத்தானை எதுக்கு இழுக்கணும்.

இதெல்லாம் ஏன் அமெரிக்காவுல நடக்குது, இங்க ஏன் நடக்கலன்னு யோசிச்சா எனக்கு ஜூரிதான் ஞாபகம் வருது. ஜூரி இருந்தா அரசுத் தரப்பு லாயர் பேசுறது சாதாரண ஜனங்ககிட்ட. கதை சொல்லத் தெரியணும், எங்க நிறுத்தணும் எங்க குரலை ஏத்தணும்னு தெரியணும். அது டிவிக்கு வேண்டிய அதே வித்தைதான். நம்ம ஊர்லயும் அது இருந்துச்சு. 1965ல சன்னி ஆங்னு ஒருத்தர் மேல கொலைக் கேஸ், சிஸ்டர்ஸ் தீவுகிட்ட முக்குளிக்கப் போன அவரோட காதலி திரும்பி வரல, உடம்பும் கிடைக்கல, கிடைச்சது வார் அறுந்த ஒரு நீச்சல் துடுப்புக் காலணியும் அவ பேர்ல இருந்த இன்சூரன்ஸ் பத்திரங்களும்தான். அதை வச்சு ஏழு பேர் ஜூரியை நம்ப வச்சாரு அரசுத் தரப்புல நின்ன ஃபிரான்சிஸ் சியோ. இன்னைக்கு அந்த மாதிரி ஆளுக்கு மூணு சேனல் சண்டை போடும். ஆனா 1969 கடைசியில சட்டத்தை மாத்தி ஜூரியையே எடுத்துட்டாங்க.

இப்ப போய் ஒரு நாள் ஸ்டேட் கோர்ட்ஸ்ல பின்னாடி உக்காந்து பாருங்க, டிபிபி பேசுறது காதுலயே விழாது. நிஜமாத்தான். ட்ராலி பேக்ல ஃபைல் கட்டு, மைக்குக்குப் பக்கத்துல வாயை வச்சுக்கிட்டு ஜட்ஜுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "பத்தி பன்னெண்டைப் பாருங்க"ன்னு ஏதோ சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. பாதி வாதம் முன்கூட்டியே எழுத்துல போயிருக்கும். பக்கத்துல உக்காந்திருக்குற அம்மா என்கிட்ட, "என்ன சொன்னாங்க, ஜெயிலா?"ன்னு கேப்பாங்க. என் அண்ணன் மக இப்படித்தான் இத்தனை வருஷமா பேசியிருக்கா, அவளுக்கு டிவி வருமான்னு எனக்கே ஒரு சந்தேகம் உண்டு, அது வேற விஷயம்.

ஆனா அவகிட்ட நான்சி கிரேஸுக்கிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு. டிபிபின்னா உள்ள தள்ளுறதுதான் வேலைன்னு சித்தி நினைக்கிறாங்க, சீரியல் பாத்த எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. 2011ல காதர் வழக்குன்னு ஒரு மேல்முறையீடு, கொலைக்குத் தூக்குத் தண்டனை வாங்கின அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல ஒருத்தரு விடுதலையானாரு. அந்தத் தீர்ப்புலதான் நீதிபதிங்க தெளிவா சொன்னாங்க, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமா ஏதாவது அரசுத் தரப்பு கையில இருந்தா, தாங்க பயன்படுத்தாட்டியும் அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாகணும்னு. அதாவது தன் கேஸைக் கெடுக்கக்கூடிய பேப்பரைத் தானே எடுத்து நீட்டணும். இந்தப் பழக்கம் ஊறிப் போன ஒருத்தி கேமரா முன்னாடி உக்காந்தா எனக்குச் சந்தோஷம்தான். அமெரிக்க ஸ்டார்ங்க கோர்ட்டுலேர்ந்து கிளம்பும்போது குரலை மட்டும் எடுத்துக்கிட்டு இந்தப் பாதியை மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க, அங்கதான் என் கோவமே. வேலை மாறினது தப்பே இல்ல, மாமா சொல்ற காசும் தப்பில்ல.

இன்னொண்ணு, நான்சி கிரேஸ் மாதிரி இங்க பண்ணவும் முடியாது. நடந்துக்கிட்டிருக்குற கேஸ்ல இவன்தான் செஞ்சான்னு டிவில தீர்ப்பு சொன்னா நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம், 2017லேர்ந்து நடப்புல இருக்குற சட்டப்படி ஒரு லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு. ஃபேஸ்புக்ல எழுதுற நமக்கும் சேத்துத்தான், கொஞ்சம் பாத்து எழுதுங்க மக்களே. சில பேரு இந்தச் சட்டம் ரொம்ப இறுக்கம்னு சொல்றாங்க, அந்த வாதத்துலயும் நியாயம் இருக்கு, ஆனா அந்த இளம் தாய் கதையைப் படிச்சுட்டு எனக்கு அதை முழுசா ஆதரிக்க வாய் வரல.

சரி, அப்போ இங்க என்னத்தைத்தான் காட்டுறது? அதுலதான் எனக்கும் அவளுக்கும் இப்போ இழுபறி. அவளுக்கு முதல் எபிசோட் பழைய கொலைக் கேஸ் ஒண்ணு, நல்லா வியூஸ் வரும்ங்கிறா. நான் சொல்றது கேஷன் ஸ்டேட்மெண்ட், அதாவது குற்றம் சாட்டினதும் போலீசு எடுக்குற வாக்குமூலம். நம்ம ஆளுங்க சட்டம் கத்துக்கிட்டதே ஹாலிவுட்லேர்ந்து, போலீசு பிடிச்சா "நீ பேசாம இருக்கலாம்"னு சொல்லுவாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது 1966ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்க குற்றம் சாட்டினதும் வாசிச்சுக் காட்டுற நோட்டீஸ்ல இருக்குறதே வேற, உன் தரப்பு நியாயத்தை இப்பச் சொல்லாம பின்னாடி விசாரணையில சொன்னா ஜட்ஜ் அதை நம்புற வாய்ப்பு குறையலாம்னு இருக்கும். இது தெரியாம வாயை மூடிக்கிட்டு உக்காந்தவங்க ஃபைலை நானே தூக்கியிருக்கேன்.

அதே மாதிரி குற்றத்தை ஒப்புக்கிறது. வேலைக்கு வந்த தம்பி ஒருத்தன், கைகலப்புக் கேஸ், ஒத்துக்கிட்டா சீக்கிரம் ஊருக்குப் போயிடலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. மொழிபெயர்ப்பாளர் சம்பவ அறிக்கையைத் தமிழ்ல வாசிச்சு முடிச்சதும் "ஆமாங்க சார், ஆனா அவன்தான் மொதல்ல கத்தியை எடுத்தான்"ங்கிறான். அவ்வளவுதான், ஜட்ஜ் நிறுத்திட்டாரு. முழுசா ஒத்துக்கணும், இல்லன்னா அது ஒத்துக்கிட்டதே இல்ல. அவனுக்கு அந்த "ஆனா"வுக்குப் பின்னாடி ஒரு எதிர்வாதமே இருக்கலாம்னு யாரும் சொல்லித் தரல. 2022 டிசம்பர்லேர்ந்து அரசாங்கமே பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸ் (வசதி இல்லாதவங்களுக்காக வாதாடுற ஆபீஸ்) வச்சிருக்கு, ஆனா அது சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி)தான். வொர்க் பெர்மிட்டுல இருக்குறவங்க ப்ரோ போனோ எஸ்ஜிங்கிற அமைப்பு நடத்துற கிளாஸ் (CLAS) சட்ட உதவித் திட்டத்துக்கு எழுதிப் போடலாம், அங்க வெளிநாட்டுக்காரங்களையும் எடுத்துக்கிறாங்க. இதைத் தமிழ்ல, ஏஜிசில உக்காந்திருந்த ஒருத்தி சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்!

"அதை யாரு அத்தை பாப்பாங்க, முதல் எபிசோட்லயே ஃபார்மைக் காட்டினா எல்லாரும் ஓடிருவாங்க"ங்கிறா. ரெண்டாவது எபிசோடாவது கொடுன்னு பேரம் பேசிக்கிட்டு இருக்கேன். டார்மிட்டரில இருக்குற தம்பிங்க யாராச்சும் இதைப் படிச்சா, கோர்ட்டு போலீசு விஷயத்துல உங்களுக்கு எது புரியலன்னு கீழ எழுதுங்க, நடந்துக்கிட்டிருக்குற கேஸ் பேரு மட்டும் வேணாம். அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்பிடுறேன்.