கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் அதன் நஞ்சும்

"கண்வலிக்கிழங்கு என்ற பெயரே அது கண்வலிக்கு மருந்து என்பதைச் சொல்கிறது, சாற்றைக் கண்ணில் விடலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும், அருள்கூர்ந்து யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். இந்தச் செடியின் பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பதே ஊர்ப்புறங்களில் வழங்கும் நம்பிக்கை. பெயரில் மருந்து என்ற பொருள் எங்கும் இல்லை.

இதுவே தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர் பெற்றது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து பின்னோக்கி வளையும் அதன் ஆறு இதழ்களைப் பார்த்தவர்களுக்கு, சங்கப் புலவர்கள் அதைப் பெண்களின் விரல்களுக்கு உவமையாக்கியது ஏன் என்பது உடனே விளங்கும்.

ஆனால் செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருத்துவர்கள் தரும் கோல்சிசின், ஆலையில் பிரித்தெடுத்து மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கப்படுவது. கிழங்கை வீட்டில் அரைத்துப் பிழிந்தால் அந்த அளவை எவராலும் அறிய முடியாது. இதைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணி வேகவைத்து உண்டு உயிரிழந்தவர்களும் உண்டு.